வெட்டி எடுத்த கல்லீரலில் ஆராய்ச்சிக்கு எவ்வளவு மிஞ்சும்?

கல்லீரல் புற்றுநோயில் ஒரு விசித்திரம் உண்டு. மார்பிலோ குடலிலோ கட்டி என்றால் முதலில் கொஞ்சம் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்த பிறகுதான் மற்றதைப் பேசுவார்கள். கல்லீரலில் பல நேரம் அது தேவைப்படுவதில்லை. ஏற்கெனவே ஈரல் சுருங்கியவர், அல்லது நெடுநாளாக ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்கும்போது கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போனால் அதுவே போதும்; நோய் உறுதி. ஊசி குத்த வேண்டியதில்லை. குத்தினால் இரத்தம் கசியலாம், ஊசி போன வழியில் புற்றணு ஒட்டிக்கொள்ளவும் சிறு வாய்ப்பு உண்டு. குத்தாமல் விடுவது நோயாளிக்கு நல்லது. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் கை வைத்துப் பார்க்கச் சதையே இருக்காது.

அதனால் ஆராய்ச்சிக்குத் திசு சேகரிக்கும் எங்களிடம் வந்து சேரும் கல்லீரல் திசு பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் போனவர்களுடையது. அறுவை செய்யக்கூடிய கட்டத்தில் நோய் தெரியவருவது சிலருக்குத்தான். புது மருந்து யாருக்கு அதிகம் தேவையோ, அந்த முற்றிய நோயாளிகளின் திசு எங்கள் ஃப்ரீசரில் குறைவு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பெரிய மருத்துவமனை, மாதிரிக்கு என்ன பஞ்சம் என்று கேட்பார்கள்.

பித்தநாளப் புற்றுநோய் இன்னும் மோசம். ஈரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய் சிறியது, கட்டியும் சிறியது. இரண்டு பித்தக் குழாய்கள் ஈரலிலிருந்து வெளியே வந்து சேரும் இடத்தில் அது உட்கார்ந்துவிட்டால் அறுவை மருத்துவருக்கே நெருக்கடி. வாய் வழியாகக் குழாய்க் கேமராவை விட்டு, சின்னத் தூரிகையால் சுரண்டி எடுக்கும் அணுக்கள் நோயைக் கண்டறியவே சில நேரம் பத்தாது. வெட்டி எடுத்தாலும் அந்தக் கட்டியில் பாதிக்கு மேல் நார்த்தசை மாதிரி இறுகிய வடுதான் இருக்கும்; புற்றணுக்கள் அதற்குள் அங்கங்கே ஒளிந்திருக்கும்.

சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையின் திசு சேகரிப்புக் குழுவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். நான் டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. நோயாளியிடம் பேசி ஒப்புதல் வாங்குவது, அறுவை நாளன்று காத்திருப்பது, கிடைத்ததைப் பத்திரமாக ஃப்ரீசரில் சேர்ப்பது, அதன் கதையைக் கணினியில் ஏற்றுவது, இதுதான் என் பாடு. உயிரறிவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். நோயாளிகளின் வீட்டாரும் கேட்பதுண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒப்புதல். அறுவை நாளன்று காலையில் படிவத்தைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. வெறும் வயிறு, கையில் ஊசி, மனசெல்லாம் பயம். அந்த நேரத்தில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. அறுவைக்குச் சில நாள் முன்பு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வருவார்கள் பாருங்கள், அதுதான் நேரம். இரத்தம் கொடுத்துவிட்டு எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும் இடைவெளியில் நிதானமாக உட்கார்ந்து பேசலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றால் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டுவதில் பயனில்லை. நம் ஆட்கள் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் கதையாகச் சொல்லிவிட்டு, "வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட இத எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்பேன். அவர்கள் திருப்பிச் சொல்லும்போதுதான் எது புரிந்தது, எது புரியவில்லை என்று தெரியும். "இந்த டெஸ்ட் எடுத்தா என் கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சுருவாங்க" என்று ஒருவர் சொன்னால், நான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அர்த்தம்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கூடக் கொஞ்சம் வெட்டுவாங்களா ம்மா?"

"இல்லைங்க ஐயா. டாக்டர் எவ்வளவு எடுக்கணுமோ அவ்வளவுதான் எடுப்பார். அதைச் சோதனைக்கு அனுப்புவாங்க. சோதனைக்குப் போக மிஞ்சுறதுல கொஞ்சம்தான் நாங்க கேக்குறோம்."

"மிஞ்சலன்னா?"

"மிஞ்சலன்னா எங்களுக்கு இல்லை."

சிரித்துவிட்டார். "அப்ப நீ கடைசிப் பந்திக்கு உக்கார்ற ஆளு."

இதைவிடச் சரியாக யாரும் எங்கள் வேலையைச் சொன்னதில்லை. இப்போதெல்லாம் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். நோயாளியின் சிகிச்சை முதல் பந்தி, நோயைக் கண்டறிவது இரண்டாவது. அதற்குப் பிறகுதான் நாம். அந்த வரிசை மனதில் இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

அடுத்து வரும் கேள்வி, "எனக்கு இதுல என்ன கிடைக்கும்?" நேரடியாக ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிவிட வேண்டும். பணமும் கிடையாது. 2015-இல் இயற்றப்பட்ட மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் மனிதத் திசுவை விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் தடை செய்கிறது. திசு வங்கிகளுக்கான அதன் விதிகள் 2019 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளன. "மருந்துக் கம்பெனிக்கு வித்துருவீங்களா?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன். கூடவே, திசுவை விற்க முடியாது, ஆனால் ஆராய்ச்சியின் முடிவிலிருந்து ஒரு கம்பெனி மருந்து தயாரித்துச் சம்பாதிக்கலாம், அதில் உங்களுக்குப் பங்கு வராது என்பதையும் சொல்வேன். இதை மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் பின்னால் எங்கேயாவது கேள்விப்பட்டு மனம் கசந்துபோவார்கள்.

எலி பற்றியும் கேட்பார்கள். கட்டியின் ஒரு துண்டை எலியின் உடம்பில் வளர்த்து மருந்துகளைச் சோதிப்பது வழக்கமான ஆராய்ச்சி முறைதான். சைவக் குடும்பத்து அம்மா ஒருவர், "என்னால இன்னொரு உசுரு கஷ்டப்பட வேணாம், மத்ததுக்கெல்லாம் எடுத்துக்கங்க" என்றார். விலங்கு ஆய்வுக்குத் தனிக் கட்டம் படிவத்தில் இருந்தது. அதில் வேண்டாம் என்று குறித்தோம். அவ்வளவுதான், யாரும் அவரை வற்புறுத்தவில்லை. படிவத்தில் இப்படித் தனித்தனிக் கட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மொத்தமாக எல்லாவற்றிலும் குறி போட்டு நீட்டாதீர்கள்.

காப்புறுதி பற்றிய பயம் நடுத்தர வயதுக்காரர்களிடம் அதிகம். மரபணுவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் காப்புறுதி தரமாட்டார்களோ என்று கேட்பார்கள். ஆராய்ச்சியில் கிடைத்த மரபணு முடிவுகளைக் காப்புறுதி நிறுவனங்கள் கேட்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021-இல் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. அதைச் சொன்னால் முகம் கொஞ்சம் தெளியும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது வேறொன்று. அறைக்குள் போவதற்கு முன்பே மகனோ மகளோ ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிராதீங்க, கட்டின்னு மட்டும் சொல்லியிருக்கோம்." நம் குடும்பங்களில் இது சர்வ சாதாரணம். அன்பினால் செய்வதுதான், கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் என்ன நோய் என்றே தெரியாதவரிடம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எப்படி ஒப்புதல் வாங்குவது? பிள்ளை போடும் கையெழுத்தும் செல்லாது. சுயநினைவோடு, யோசிக்கும் திறனோடு இருப்பவருக்காக வேறு யாரும் ஒப்புதல் தர முடியாது. இந்த நிலைமையில் நான் படிவத்தைப் பையில் வைத்துவிடுவேன். சிகிச்சை டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொல்வேன். பெரும்பாலும் டாக்டரே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார். பெரியவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருக்கும், பிள்ளைகள் வருத்தப்படக் கூடாதென்று அவரும் நடித்துக்கொண்டிருப்பார், இதுவும் நடப்பதுண்டு. பேசிய பிறகும் குடும்பம் வேண்டாம் என்று நின்றால் விட்டுவிட வேண்டியதுதான். அந்தத் திசு நமக்கில்லை.

வெளிநாட்டு ஊழியர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கட்டுமானத் தளத்திலிருந்து வரும் தம்பிகளோடு கம்பெனி ஆள் ஒருவர் துணைக்கு வருவார். அவரே மொழிபெயர்க்கவும் ஆரம்பித்துவிடுவார். முதலாளியின் ஆள் பக்கத்தில் இருக்கும்போது அந்தத் தம்பி எப்படி வேண்டாம் என்று சொல்லும்? "அண்ணே, நீங்க போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டுத்தான் நான் பேச ஆரம்பிப்பேன். வேலை அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சையில் நூலளவும் மாற்றமிருக்காது என்பதை அந்தத் தம்பிக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். ஒப்புதலுக்குச் சாட்சி ஒருவரும் இருக்க வேண்டும். ஒப்புதல் வாங்குபவரே சாட்சியாக இருக்க முடியாது. தமிழ் தெரிந்த சாட்சியாக இருந்தால்தான் அது சாட்சி.

சரி, அறுவை நாளுக்கு வருவோம்.

நான் அறுவை அறைக்கு உள்ளே போய் நிற்பதில்லை. எந்த நேரம் என்ன நடந்தது என்ற விவரம் மட்டும் எனக்கு வேண்டும். கல்லீரலை அறுக்கும்போது இரத்தம் அதிகம் போகாமலிருக்க, ஈரலுக்குள் போகும் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்துவார்கள். அந்த நேரமெல்லாம் திசு உடம்பின் சூட்டிலேயே இரத்தமில்லாமல் தவிக்கிறது. வெளியே எடுத்த பிறகும் அணுக்கள் உடனே சாவதில்லை. என்னென்னவோ மரபணுக்களைக் கூட்டியும் குறைத்தும் தத்தளிக்கின்றன. மரபணு சொல்வதை அணுவுக்குள் எடுத்துச் செல்லும் ஆர்என்ஏ உடைய ஆரம்பிக்கிறது. பிற்பாடு ஆராய்ச்சியாளர் பார்ப்பது புற்றுநோயின் குணமா, இல்லை மேசையில் கிடந்ததன் குணமா என்று பிரிக்க முடியாமல் போகும். அதனால்தான் மூன்று நேரங்களை எழுதச் சொல்வார்கள்: உடம்பிலிருந்து வெளியே வந்த நேரம், நோயியல் கூடத்துக்கு வந்த நேரம், உறைய வைத்த நேரம். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே அரை மணி நேரத்துக்குள் இருந்தால் நிம்மதி. அதைவிட அதிகமானால் தூக்கிப் போட வேண்டாம். உள்ள நேரத்தை உள்ளபடி எழுதுங்கள். ஒழுங்காக எழுதிய ஒரு மணி நேரம், குத்துமதிப்பாக எழுதிய இருபது நிமிடத்தைவிட மேல்.

நோயியல் கூடத்தில் அந்த ஈரல் துண்டு தட்டில் வந்து இறங்கும்போது இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். நல்ல ஈரல் வழவழவென்று கருஞ்சிவப்பாக மினுங்கும். சுருங்கிய ஈரல் வெளிறி, மேலெல்லாம் முடிச்சு முடிச்சாக, கத்தி இறங்கும்போதே ஒரு மொறமொறப்பு. நோயியல் மருத்துவர் அதை எடை போட்டு, அளந்து, வெட்டிய விளிம்பில் மை தடவுவார். கட்டி விளிம்பைத் தொட்டிருக்கிறதா என்பதை அந்த மைதான் பிறகு சொல்லும். நோயாளியின் அடுத்த சிகிச்சையே அதில் இருக்கிறது. மை தடவும் முன்னால் அந்தத் துண்டில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் சரி, ஐஸ் உருகினாலும் சரி.

பிறகு மெதுவாகத் துண்டம் போடுவார். ஈரல் அணுவிலிருந்து வந்த கட்டி சில நேரம் பித்தம் ஊறி பச்சையாகக்கூட இருக்கும், தொட்டால் மெத்தென்று நெகிழும். பித்தநாளக் கட்டி வெள்ளையாக, கெட்டியாக, கத்தியை எதிர்க்கும். நாங்கள் கேட்பது கட்டியிலிருந்து சில சின்னத் துண்டுகள், கட்டியிலிருந்து தள்ளி இரண்டு சென்டிமீட்டராவது எட்டத்தில் நல்ல ஈரல் கொஞ்சம். நல்ல பகுதியை முதலில் வெட்டச் சொல்லுங்கள், அப்புறம் கட்டி. ஒவ்வொன்றுக்கும் பிளேடை மாற்றுங்கள். கட்டியில் பட்ட கத்தியால் நல்ல ஈரலை வெட்டினால், மாறாத மரபணு என்று நினைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே புற்றணு கலந்துவிடும்.

துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பெரியதாக இருந்தால் வெளியே உறைந்து நடுவில் உறைய நேரமாகும். அதற்குள் பனிப் பரல்கள் அணுக்களைக் கிழித்துவிடும். இரத்தத்தை லேசாக ஒற்றி எடுத்து, குப்பியில் போட்டு, மூடி, திரவ நைட்ரஜனில் இறக்க வேண்டும். மைனஸ் 196 டிகிரி. சர்ரென்று ஒரு கொதிப்பு எழும்பி அடங்கும். முகக் கவசம் போடாமல் யாரையும் இதன் பக்கத்தில் விடுவதில்லை. மூடி சரியாக இறுகாத குப்பிக்குள் நைட்ரஜன் நுழைந்துவிட்டால், வெளியே எடுத்ததும் அது ஆவியாகிக் குப்பி வெடிக்கும். மூடிய சின்ன அறையில் நைட்ரஜன் பரவினால் மூச்சுத் திணறுவதற்கு முன்பே ஆள் விழுந்துவிடுவார். ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி இல்லாத அறையில் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டு, உடம்பில் எதிர்ப்பாற்றல் ஏறியிருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலைக்கே வர வேண்டும்.

ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் இருந்த இன்னொரு துண்டை ஃபார்மலினில் போட்டு, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். காரணம், கட்டி என்று எழுதிய குப்பியில் கட்டி இல்லாமல் போவது நிறைய நடக்கும். அறுவைக்கு முன்பு இரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்திக் கட்டிக்கு இரத்தம் போகாமல் அடைத்திருந்தால், கட்டியின் நடுப்பகுதி செத்துக் கிடக்கும். ஓரத்தில்தான் உயிருள்ள அணுக்கள் இருக்கும். பித்தநாளக் கட்டியில் வடுதான் அதிகம் என்று மேலேயே சொன்னேன். உறைந்த துண்டில் எத்தனை சதவீதம் புற்றணு என்ற விவரம் இல்லாமல் அதை யாருக்கும் அனுப்பக் கூடாது.

ஒரே கட்டியில் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் போதுமா என்பது இன்னொரு விஷயம். கல்லீரல் கட்டியின் ஒரு மூலையில் உள்ள அணுவும் மறு மூலையில் உள்ள அணுவும் மரபணுவில் வேறு வேறாக இருக்கலாம். தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பேராசிரியர் பியர்ஸ் சௌ தலைமையிலான பிளானெட் ஆய்வு இதற்காகவே கட்டியின் பல பகுதிகளிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுக்கும் முறையைக் கையாண்டது. அப்படிச் செய்யும்போது அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு புகைப்படம் எடுத்து, எந்தக் குப்பி எந்த இடம் என்று படத்திலேயே எண் போட்டுவிடுங்கள். "மேல் இடது" என்று எழுதிவைத்தால் நாளைக்கு யாருக்கும் புரியாது. திருப்பி வைத்தால் இடது வலதாகிவிடும்.

சில நாள் நோயியல் மருத்துவர் தட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார். "இன்னைக்கு இல்ல." கட்டி சின்னது, முழுதும் சோதனைக்கு வேண்டும். பித்தக் குழாய்கள் சேரும் இடத்துக் கட்டி என்றால் பாதி நாள் இதுதான் பதில். நைட்ரஜன் பாத்திரம், ஐஸ், குப்பிகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். கெஞ்சக் கூடாது. ஆராய்ச்சித் தலைவர் போன் போட்டுத் திட்டினாலும் கெஞ்சக் கூடாது. இன்றைக்குப் பேசாமல் திரும்பினால்தான், நாளைக்கு நல்ல கட்டி வரும்போது அவரே கூப்பிட்டு, "வாங்க, இருக்கு" என்பார். அந்தக் கூடத்தின் தொழில்நுட்பர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை முன்னதாக முடிந்துவிட்டது என்ற செய்தி கணினியில் வருவதற்கு முன்பு அவர்களிடமிருந்துதான் வரும்.

இரத்தமும் கொஞ்சம் வேண்டும். அதை மயக்கம் கொடுப்பதற்கு முன்பு, டாக்டர் எப்படியும் ஊசி ஏற்றும்போதே எடுக்கச் சொல்லிவிட்டால் நோயாளிக்கு இன்னொரு குத்து மிச்சம். ஊதா மூடிக் குழாய் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிட வேண்டும். பித்தமும் கிடைத்தால் விடாதீர்கள். பிசுபிசுவென்று கரும்பச்சையாக இருக்கும், பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் பித்தநாளப் புற்றுநோயில் கட்டியிலிருந்து உதிர்ந்த டிஎன்ஏ இரத்தத்தைவிடப் பித்தத்தில் அதிகம் கிடைப்பதுண்டு. அங்கேயே ஐஸில் வைத்து, சுழற்றி, மேல் நீரையும் அடியில் தங்கியதையும் தனித்தனியாக உறைய வையுங்கள்.

இனி லேபிள். எங்கள் ஊர்த் தமிழ்ப் பெயர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரே நாளில் இரண்டு சுப்ரமணியம். ஒருவர் அடையாள அட்டையில் இரண்டு எழுத்து கூட, ஒருவருக்குக் குறைச்சல். சிலருக்கு அப்பா பெயர் முன்னால், சிலருக்குப் பின்னால், சிலருக்கு நடுவில் இன்னாரின் மகன் என்று எஸ்/ஓ. பதிவேட்டில் ஒருவர் அப்பா பெயராலேயே பதிவாகியிருப்பார். பெயரை நம்பி ஒரு குப்பியையும் எடுக்கக் கூடாது. அடையாள எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்து பொருந்த வேண்டும். குப்பியின்மேல் இரண்டும் இருக்கக் கூடாது. குறியீட்டு எண் மட்டும். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் வேறு இடத்தில், வேறு ஆளிடம். சாதாரண ஸ்டிக்கர் மைனஸ் 80-இல் சில மாதத்தில் உரிந்து விழும். வேறோர் இடத்தில் ஃப்ரீசரைத் திறந்தபோது அடியில் லேபிள்கள் கொட்டிக் கிடந்ததாகவும், மேலே வெறும் குப்பிகள் வரிசையாக இருந்ததாகவும் கேட்டிருக்கிறேன். அத்தனையும் குப்பைதான். உறைகுளிருக்கென்றே வரும் லேபிள் விலை அதிகம். கணக்குப் பிரிவு முணுமுணுத்தாலும் அதில் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக, குப்பியோடு போகும் விவரங்கள். இதைப் பலரும் சலிப்போடு நிரப்புகிறார்கள். எனக்கு இதுதான் வேலையிலேயே பிடித்த பகுதி.

பித்தநாளப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அது வந்த வழியைப் பொறுத்து உள்ளே வேறு வேறு. வடகிழக்குத் தாய்லாந்தில் வேகாத ஆற்று மீன் சாப்பிடுபவர்களுக்கு ஈரலில் ஒரு தட்டைப்புழு குடியேறி, பல வருடம் கழித்து இந்தப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது. சிங்கப்பூர், தாய்லாந்து ஆய்வாளர்கள் 2012, 2013-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், புழுவால் வந்த கட்டிகளில் டிபி53 மரபணு அதிகம் கெட்டிருந்தது. புழு இல்லாதவர்களின் கட்டிகளில் பிஏபி1, ஐடிஎச் மரபணுக்கள். 2017-இல் பத்து நாடுகளிலிருந்து 489 கட்டிகளைச் சேர்த்துப் பார்த்தபோது இது இன்னும் தெளிவானது. ஐடிஎச்1 கெட்டிருந்தால் ஐவோசிடெனிப், எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பெமிகாட்டினிப் என்று இன்றைக்கு மருந்தே இருக்கிறது. 489 பேரின் குப்பியோடும் யாரோ ஒருவர் எந்த ஊர், என்ன சாப்பாடு, புழு இருந்ததா என்று எழுதி வைத்ததால்தான் அந்தப் பிரிவே கண்ணில் பட்டது.

ஆகவே கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். "ஹெபடைடிஸ் பி உண்டா?" என்றால் இல்லை என்பார்கள். "சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்துச்சா?" என்று கேளுங்கள். "வந்துச்சே, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க, பத்தியம் இருந்தேன்" என்று முழுக் கதையும் வரும். காமாலை எல்லாம் ஹெபடைடிஸ் பி ஆகிவிடாது, இரத்தப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசி 1987-இலிருந்துதான். அதற்கு முன் பிறந்தவர்களிடமும் வெளியிலிருந்து வந்தவர்களிடமும் கட்டாயம் கேளுங்கள்.

குடியைப் பற்றி மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். "சும்மா, எப்பவாவது" என்ற பதில்தான் வரும். தனியாக இருக்கும்போது, "பியரா, ஹார்டா? வாரத்துக்கு எத்தனை போத்தல்?" என்று கேட்டால் கணக்குச் சொல்வார்கள். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், எத்தனை வருடம், எடை எவ்வளவு ஏறியது என்பதும் முக்கியம். குடிக்காமலே ஈரலில் கொழுப்புப் படிந்து அதிலிருந்து நேராகப் புற்றுநோய்க்கு வருபவர்களை நம் ஆட்களிடம் நிறையப் பார்க்கிறேன்.

நாட்டு மருந்தையும் கேளுங்கள், கண்டிக்கும் குரலில் அல்ல. அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று ஒன்று, மரபணுவில் தனக்கென்றே ஒரு தடத்தை விட்டுச் செல்லும் நச்சு. புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. தைவான், சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2017-இல் தைவான் நோயாளிகள் 98 பேரின் கல்லீரல் கட்டிகளைப் பார்த்தபோது 78 சதவீதத்தில் அந்தத் தடம் இருந்தது. சீன மூலிகை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே செடிக் குடும்பம்தான். "ஊர்லேர்ந்து வந்த பொடி, லேகியம், கஷாயம் ஏதாவது எடுத்தீங்களா?" என்று கேட்டால் பலர் மூலிகைப் பெயரையே சொல்லிவிடுவார்கள், தெரியாவிட்டால் டப்பாவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நோயாளிகளின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் யாராவது இப்படி ஒரு படிவத்தோடு வந்தால், என்னிடம் எல்லோரும் கேட்பதை நீங்களும் கேளுங்கள்: கூடுதலாக ஊசியோ வெட்டோ உண்டா? கல்லீரலில் ஊசி குத்தும்போது ஆராய்ச்சிக்கென்று இன்னொரு குத்து கேட்டால், அதன் ஆபத்து என்ன என்று தனியாகக் கேட்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா? குடும்பத்துக்கு முக்கியமான மரபணு விஷயம் தற்செயலாகத் தெரிந்தால் சொல்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டாம் என்று நீங்களே படிவத்தில் தேர்ந்தெடுக்கலாம். பிறகு மனம் மாறினால் விலகலாம்; பயன்படுத்தாமல் மீதி இருக்கும் திசுவை அதற்குப் பிறகு தொட மாட்டார்கள், ஏற்கெனவே ஆய்வில் கலந்துபோனதைத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். படிவத்தின் ஒரு நகல் உங்களுக்கு. அதில் தொடர்பு எண் இருக்கும். மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.